சேனல் தீவுகள்: 18 பவுண்ட் பார்சல் சலுகை போனபோது அடி யாருக்கு?

வரவுசெலவு எழுதியது:

சிறு தீவுகளின் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை தயார் செய்கிறேன். சேனல் தீவுகளான ஜெர்சி, கெர்ன்சி பற்றிப் படிக்க ஆரம்பித்து இந்த ஒரு விஷயத்திலேயே நின்றுவிட்டேன். புரிந்த வரை சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

வெளியிலிருந்து பிரிட்டனுக்கு வரும் 18 பவுண்ட் வரையான பார்சலுக்கு வாட் வரி கிடையாது என்று ஒரு விதி இருந்திருக்கிறது. பிரெஞ்சுக் கரையை ஒட்டி இருக்கும் இந்தத் தீவுகள் பிரிட்டிஷ் முடியாட்சிக்குக் கட்டுப்பட்டவைதான், ஆனால் வாட் எல்லைக்கு வெளியே. அதனால் சிடி, டிவிடி, மெமரி கார்டு, கான்டாக்ட் லென்ஸ், வைட்டமின் மாத்திரை, பிரிண்டர் மை என்று உறைக்குள் அடங்குகிற எதையும் அங்கே கிடங்கில் வைத்து பிரிட்டனுக்கு அனுப்புவதே ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. 2011 நவம்பரில் லண்டன் அரசு, அடுத்த ஏப்ரல் 1 முதல் உங்கள் தபால் வியாபாரத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்று அறிவித்துவிட்டது.

என் சந்தேகங்கள்: உலகம் முழுவதும் பொருந்துகிற ஒரு சலுகையை இந்தத் தீவுகளுக்கு மட்டும் எப்படி நிறுத்த முடிந்தது? அப்போது ஜெர்சியில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் கெர்ன்சியில் 60 ஆயிரத்துச் சொச்சமும்தான் ஜனத்தொகை, அந்த அளவு ஊரில் ஒரு தொழிலே போனால் பொருளாதாரம் படுத்திருக்க வேண்டாமா? சில கட்டுரைகள் பேரழிவு என்கின்றன, சில கட்டுரைகள் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்கின்றன. எதை நம்புவது?


லண்டன்வாசி எழுதியது:

2000களில் இங்கே இருந்தவர்களுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை, வீட்டு வாசலில் வந்து விழுந்த விஷயம். இணையத்தில் மூன்று டிவிடி சேர்த்து வாங்கினால் மூன்று தனித்தனி உறையில் வரும், மூன்றிலும் ஜெர்சி தபால் முத்திரை, தபால் செலவும் நம்மிடம் வாங்க மாட்டார்கள். ஏன் இப்படிக் காசைக் கரியாக்குகிறார்கள் என்று நினைத்ததுண்டு. ஒரே பொட்டலமாகக் கட்டினால் 18 பவுண்டைத் தாண்டிவிடும், அவ்வளவுதான் காரணம். ஒரே ஆர்டரைப் பிரித்து அனுப்பிச் சலுகை வாங்கக் கூடாது என்றுதான் விதி. அதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். 9.99 பவுண்டுக்கு ஒரு சிடி. கடைத்தெருவில் விற்கிறவன் 20 சதவீத வாட்டை அந்த விலைக்குள்ளேயே அடக்க வேண்டும், அதாவது 1.67 பவுண்ட் அரசுக்கு. தீவிலிருந்து அனுப்புகிறவனுக்கு அந்த 1.67 மிச்சம். சிடி வியாபாரத்தில் ஒரு தட்டில் கிடைக்கும் லாபமே அந்த அளவுக்குக் கூட இருக்காது. அவன் விலையைக் குறைத்து, தபாலையும் இலவசமாகக் கொடுத்து, மேற்கொண்டு கொஞ்சம் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்: பிரிட்டனில் புத்தகத்துக்கு வாட் பூஜ்யம். அதனால் புத்தகத்தைத் தீவுக்கு ஏற்றிக்கொண்டுபோய்த் திரும்ப அனுப்புவதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. சிடிக்கு மட்டும் தீவு வசதியான இடமாம், அதே கனம், அதே அளவு உள்ள புத்தகத்துக்கு வசதி இல்லையாம். அப்புறம் என்ன "தொழில் திறமை"? நிறையச் சரக்கு இங்கிலாந்திலிருந்தே கப்பலேறிப் போய், அங்கே உறை மாட்டி, முகவரி ஒட்டி, இங்கிலாந்துக்கே திரும்பி வந்தது.

இங்கே சின்னச் சின்ன இசைத்தட்டுக் கடைகள் மூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரிச்சர்ட் ஆலன் என்பவர் தன் இசைத்தட்டுத் தபால் வியாபாரத்தை இதனால் இழந்தவர், ரவாஸ் என்ற பெயரில் சில்லறை வியாபாரிகளைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் விடாமல் எழுதி, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் வரைக்கும் புகார் கொண்டுபோனார். பெரிய கடைகள் சத்தம் போடவில்லை, போடுவார்களா என்ன, அவர்களில் பலரே தீவில் ஆள் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.


கணக்கன் எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

இந்தச் சலுகை யாருக்கும் உதவி செய்யப் பிறந்தது இல்லை. 1983இல் வந்த ஐரோப்பியச் சமூகத்தின் விதி அது. ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, விலை பார்த்து, வரி போட்டு, வசூலிக்க ஆகும் செலவு அந்த வரியைவிட அதிகம், ஆகவே விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் நியாயம். பிற்பாடு யூரோ கணக்கில் சொன்னால் 10 யூரோ வரை விட்டே ஆக வேண்டும், விருப்பப்பட்டால் 22 வரை விடலாம். பிரிட்டன் 18 பவுண்ட் என்று மேல்பக்கம் வைத்துக்கொண்டது. அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு: தபால் வழி விற்பனைச் சரக்கை உறுப்பு நாடு விரும்பினால் இந்தச் சலுகையிலிருந்து விலக்கலாம். அதாவது கதவை மூடும் சாவி தொடக்கத்திலிருந்தே லண்டன் கையில்தான் இருந்தது.

தீவுகளின் நிலைமை எப்படி வந்தது என்றால், 1973இல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது மூன்றாம் நெறிமுறை என்ற ஒப்பந்தத்தின்படி சேனல் தீவுகள் சுங்க எல்லைக்குள்ளே, வாட் எல்லைக்கு வெளியே. சரக்கு போய்வரச் சுங்கத் தடை இல்லை, வாட்டும் இல்லை. இரண்டு பக்கமும் நல்லது மட்டும். ஐல் ஆஃப் மேன் தீவும் முடியாட்சிக்குக் கட்டுப்பட்டதுதான், ஆனால் அது பிரிட்டனோடு ஒரே வாட் வட்டத்தில் இருப்பதால் இந்த ஆட்டத்திலேயே இல்லை.

ஆரம்பத்தில் இதைப் பயன்படுத்தியவர்கள் கெர்ன்சியின் பூ வளர்ப்பவர்கள். ஃபிரீசியா, கார்னேஷன் என்று பெட்டியில் அடுக்கி இங்கிலாந்து வீடுகளுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அது பாட்டுக்கு ஒரு மூலையில் நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் தொந்தரவு இல்லை. 1998இல் ஜெர்சியில் தொடங்கிய ப்ளே டாட் காம் மாதிரி இணையக் கடைகள் வந்த பிறகுதான் அளவு மாறியது. 2010 வாக்கில் பிரிட்டன் கருவூலத்துக்கு ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பு. 2011 ஜனவரியில் வாட்டை 17.5இலிருந்து 20 சதவீதமாக ஏற்றினார்கள், தீவு வழியாக அனுப்புகிறவனுக்கு அதிலும் கூடுதல் லாபம்! செலவைக் குறைக்கிறோம் என்று ஊரெல்லாம் கத்தரி போட்டுக்கொண்டிருந்த அரசு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? 2011 மார்ச் பட்ஜெட்டில் நிதி அமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் 18ஐ 15 ஆக்கினார், நவம்பர் 1 முதல் அமல். அது அமலுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நவம்பர் 9இல் கருவூலத் துறை இளைய அமைச்சர் டேவிட் காக் சேனல் தீவுகளுக்கு முற்றாகவே நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்.

இரண்டு தீவு அரசுகளும் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. எல்லோருக்கும் நிறுத்து, இல்லை யாருக்கும் நிறுத்தாதே, எங்களை மட்டும் ஒதுக்குவது பாரபட்சம் என்பதுதான் அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறைகேடு எங்கே நடக்கிறதோ அங்கே மட்டும் விலக்க அரசுக்கு உரிமை உண்டு என்ற பக்கம்தான் நீதிபதி மிட்டிங் நின்றார். 2012 மார்ச் நடுவில் தீர்ப்பு, இரண்டு வாரத்தில் ஏப்ரல் 1. சிடியோடு சேர்த்துப் பூவுக்கும் நிறுத்திவிட்டார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். அந்தப் பூ அங்கேயே மண்ணில் வளர்ந்தது, எந்தக் கப்பலிலும் சுற்றி வரவில்லை.


குறுக்குசால் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் வரி, கோர்ட் என்றே பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

பேரழிவு, ஒன்றுமே ஆகவில்லை, இரண்டுமே உண்மைதான், யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்சியின் பொருளாதாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வங்கி, பணக்காரர்களின் சொத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை, முதலீட்டு நிதி வகையறா. அந்த ஆட்களுக்கு 2012 ஏப்ரல் 1 இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. தீவின் மொத்த உற்பத்தியை மட்டும் பார்த்தால் இந்தப் பார்சல் தொழில் போனது பெரிதாகத் தெரியாது.

அரசு வருமானத்தைப் பாருங்கள், அங்கே இன்னும் வேடிக்கை. பூஜ்யம்-பத்து என்று ஒரு வரி முறை, கெர்ன்சியில் 2008, ஜெர்சியில் 2009 முதல். நிதி நிறுவனங்களின் லாபத்துக்கு 10 சதவீதம், சாதாரணக் கம்பெனி லாபத்துக்கு பூஜ்யம். பார்சல் கம்பெனி சாதாரணக் கம்பெனி. எத்தனை கோடி லாபம் பார்த்தாலும் அந்த லாபத்தின் மேல் தீவு அரசுக்குக் கம்பெனி வரி கிடையாது, வெளியூர் முதலாளிக்கு அப்படியே போய்ச் சேரும். தீவுக்கு மிஞ்சியது சம்பளம், அதன் மேல் 20 சதவீத வருமான வரி, கிடங்கு வாடகை, அப்புறம் தபால்.

தபாலை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் ஒரு தபால் துறை தன் காலில் நிற்பது கஷ்டம், கடிதம் எழுதுகிறவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். மூட்டை மூட்டையாகப் போன இந்தப் பார்சல்கள்தான் ஜெர்சி போஸ்ட்டையும் கெர்ன்சி போஸ்ட்டையும் தாங்கின. அந்த வருமானத்தில்தான் உள்ளூர்க் கிழவிக்கு வாசல் வரை கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. சலுகை போனதும் முதல் அடி அங்கேதான், ஆள் குறைப்பு, செலவுக் குறைப்பு என்று ஆரம்பித்தார்கள்.

அடுத்த அடி கிடங்கில் நின்று உறை ஒட்டியவர்களுக்கு. உள்ளூர்ப் பிள்ளைகளில் படிப்பு ஏறாதவர்கள், போர்ச்சுகலின் மடேரா தீவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள். இவர்களில் யாரையும் மறுநாள் காலையில் ஒரு அறக்கட்டளை அலுவலகத்தில் கணக்காளராக உட்காரவைக்க முடியாது. ஹோட்டல் வேலைக்குப் போகலாம் என்றால் சுற்றுலாவும் முன்பே தேய்ந்துபோனது. சராசரி வருமானம் இவ்வளவு, நிதித் துறை இவ்வளவு என்று எழுதுகிற கட்டுரைகளில் இவர்கள் வர மாட்டார்கள்.

ப்ளே டாட் காமின் கதையையும் சேருங்கள். 2011இல் ஜப்பானின் ராகுட்டன் வாங்கியது. 2013 ஜனவரியில், இனி நேரடியாகப் பொருள் விற்கப் போவதில்லை, மற்ற வியாபாரிகளுக்கு இடம் தரும் தளமாக மட்டும் இருப்போம் என்று அறிவித்தார்கள். ஜெர்சியில் 147 வேலை போனது. சலுகை போனதையே காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அதே மாதம்தான் சிடி, டிவிடி விற்கும் எச்எம்வி கடைகளும் திவால் நிர்வாகத்துக்குப் போயின, நெட்ஃபிளிக்ஸ் பிரிட்டனுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டிவிடி விற்கிறவன் பிழைப்பு எப்படியும் முடியத்தான் போகிறது, ஏப்ரல் 1 அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்தது.


வரவுசெலவு எழுதியது:

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. குறுக்குசால் அண்ணா சொல்வதைப் படித்தால் இன்னொரு கேள்வி வருகிறது. அரசுக்கு லாப வரியும் இல்லை, மொத்த உற்பத்தியிலும் பெரிய பங்கில்லை என்றால் இரண்டு தீவு அரசுகளும் ஏன் அவ்வளவு செலவு செய்து கோர்ட்டுக்குப் போயின? மானப் பிரச்சினையா?

இன்னொன்று, சலுகை போகும் என்று இவர்கள் யூகிக்கவே இல்லையா?


கணக்கன் எழுதியது:

மானமும் உண்டு, பயமும் உண்டு. 2011இல் அவர்களுடைய பூஜ்யம்-பத்து முறையே ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாரணையில் இருந்தது, அதில் ஒரு பகுதியை நீக்கிய பிறகுதான் விட்டார்கள். அந்த நேரத்தில் லண்டன் வந்து உங்கள் ஒரு தொழில் முழுக்க வரி ஏய்ப்பு என்று பெயர் வைத்தால், வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கு நிதித் துறையைப் பற்றியும் அதே பேச்சு வரும். சட்டமன்றம், நீதிமன்றம், வரி எல்லாம் சொந்தமாக வைத்திருக்கும் தீவுகள் இவை. சண்டை போடாமல் தோற்பதை அங்கே ஓட்டுப் போட்டவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

யூகம் பற்றி: நன்றாகவே தெரியும். 2006லேயே ஜெர்சி அரசு பிரிட்டிஷ் கம்பெனிகள் வெறும் வரிக்காக வந்து கிடங்கு போடுவதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது, ரொம்ப ஆடினால் லண்டன் கண்ணில் படும் என்ற கணக்குதான். ஒரு தீவு கதவைச் சாத்தினால் பக்கத்துத் தீவில் திறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே முடிவு எடுத்திருந்தால் இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.


பழையஏடு எழுதியது:

வரலாற்றுப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் நுழைகிறேன். இந்தத் தீவுகளுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. தங்கள் விளைச்சலைத் தீர்வை இல்லாமல் இங்கிலாந்தில் விற்கும் உரிமை அவர்களுக்குப் பழங்காலத்திலிருந்து உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியத்துக்குக் கடும் தீர்வை இருந்தபோது, இவர்கள் வெளிநாட்டுக் கோதுமையை வாங்கித் தங்கள் கோதுமை என்று அனுப்புகிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1835இல் அந்த உரிமையைப் பறிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே வந்தது. கெர்ன்சியின் பெய்லிஃப், அதாவது தீவின் தலைமை நீதிபதி, டேனியல் டி லைல் பிராக் தலைமையில் தீவுகளின் தூதுக்குழு லண்டன் போய் வாதாடியது, நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது, மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். கோதுமைக்குப் பதில் டிவிடி என்று போட்டுப் படியுங்கள், 2011 வந்துவிடும். முடிவு மட்டும் வேறு.

ஏன் முடிவு வேறு என்று கேட்டால், 1835இல் குற்றச்சாட்டை மறுக்க இடமிருந்தது, தீவில் நிஜமாகவே வயல் இருந்தது. 2011இல் சரக்கு தீவில் விளையவில்லை என்பதை யாரும் மறுக்கவே இல்லை.

கெர்ன்சித் தக்காளியையும் விட்டுவிடாதீர்கள். கண்ணாடி வீடுகளில் வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பி ஒரு காலத்தில் தீவே அதில் வாழ்ந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும், மலிவான எரிவாயுவில் வளர்த்த டச்சுத் தக்காளி சந்தைக்கு வந்ததும் கண்ணாடி வீடுகள் பாழாயின. அந்தச் சரிவிலிருந்து தீவை எடுத்து நிறுத்தியது வங்கித் தொழில். அதனால் ஒரு தொழில் சாவதைப் பார்ப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான், பார்சல் தொழில் மாதிரி இவ்வளவு சீக்கிரம் வந்து இவ்வளவு சீக்கிரம் போனதைத்தான் முன்பு பார்த்ததில்லை.


சுங்கச்சாவடி எழுதியது:

தாமதமாக வருகிறேன். தீவுகளைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். ஏப்ரல் 2012க்குப் பிறகும் மற்ற நாடுகளுக்கு அந்த 15 பவுண்ட் சலுகை அப்படியே இருந்தது. சீனாவிலிருந்து, ஹாங்காங்கிலிருந்து போன் கவரும் கேபிளும் வாட் இல்லாமல் பிரிட்டனுக்கு வந்துகொண்டே இருந்தன. பிரிட்டன் அதை எல்லோருக்கும் சேர்த்து நிறுத்தியது 2021 ஜனவரி 1இல். எட்டரை வருஷத்துக்கு மேல்! ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ சலுகையை 2021 ஜூலையில் எடுத்தது, அமெரிக்கா தன் 800 டாலர் சலுகையை எல்லா நாடுகளுக்கும் 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. எங்களை மட்டும் ஏன் என்று தீவுகள் கேட்டதற்கு நீதிமன்றம் சட்டப்படி பதில் சொல்லிவிட்டது, வர்த்தக நியாயப்படி அந்தக் கேள்வி அப்படியேதான் நின்றது. பக்கத்தில் இருக்கிற சின்ன ஆள்மேல் கை வைப்பது சுலபம்.

லண்டன்வாசி தொழில் திறமையே இல்லை என்கிறார், அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைட்டமின் விற்கும் ஹெல்த்ஸ்பான் சலுகை போன பிறகும் கெர்ன்சியிலேயே இருந்தது. வாழ்த்து அட்டை அச்சிடும் மூன்பிக்கும் அப்படித்தான். வாட் கட்டிய பிறகும் நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள், 1.67 பவுண்டை மட்டுமே நம்பி வந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள்.

கட்டுரை எழுதுகிற தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு தகவல். ஜெர்சி 2008இல் ஜிஎஸ்டி கொண்டுவந்தது, 3 சதவீதம், 2011இல் 5 ஆனது. வெளியிலிருந்து தீவுவாசிகள் தபாலில் வாங்கும் பொருளுக்கு அவர்களே ஒரு விலக்கு வைத்திருந்தார்கள், 240 பவுண்ட் வரை வரி இல்லை. இதனால் எங்கள் கடை சாகிறது என்று ஜெர்சியின் தலைநகர் செயின்ட் ஹீலியர் கடைக்காரர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள், ரிச்சர்ட் ஆலன் சொன்ன அதே புலம்பல். 2020இல் ஜெர்சி அதை 135 ஆக்கியது, 2023இல் 60 ஆக்கி, வெளியூர்ப் பெரிய இணையக் கடைகளையும் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வைத்தது.


குறுக்குசால் எழுதியது:

சுங்கச்சாவடி சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுரைக்கு நல்ல தீனி. அப்புறம் ஜெர்சி போஸ்ட், கெர்ன்சி போஸ்ட் இரண்டின் ஆண்டறிக்கைகளையும் 2010லிருந்து 2014 வரை பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள், ஊழியர் எண்ணிக்கை, மொத்தத் தபால் வருமானம் இரண்டு வரி போதும். மொத்த உற்பத்தி அட்டவணையை அதற்கு அப்புறம் திறங்கள்.